காலி நிலத்துச் சனங்கள்

அவர் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டால், தேடி வருகிறவர்களிடம் "வெளியே போயிருக்கிறார்" என்று சொல்லிவிடுவோம். அது முழுப்பொய் இல்லை. ஆள் கனடாவில், மார்க்கம் என்ற ஊரில் இருந்த எங்கள் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், ஹீட்டருக்குப் பக்கத்தில், குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல்தான் உட்கார்ந்திருப்பார். மனம் மட்டும் ஆப்பிரிக்காவில் ஒரு தலைநகரைச் சுற்றி, இன்னும் யாரும் போடாத ஒரு நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்.

அந்த நகரத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மேடும் சதுப்பும் மாறி மாறி வரும் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்திலிருந்து பக்கத்து நாடுகளுக்குப் போகும் லாரிகள் அத்தனையும் நடு ஊருக்குள் புகுந்துதான் வெளியேற வேண்டும். ஊரைச் சுற்றிப் புறத்தே ஒரு சாலை போட்டு லாரிகளை அதில் திருப்பிவிட்டால், ஊர் கொஞ்சம் மூச்சு விடும். அந்தச் சாலை எந்த வழியாகப் போக வேண்டும் என்று சொல்வது எங்கள் வேலை. கோடு போடுகிறவர் அவர். அந்தக் கோட்டில் எவ்வளவு வண்டி ஓடும் என்று கணக்குப் போடுகிறவள் நான். நான் கோயம்புத்தூர்க்காரி. அவர் யாழ்ப்பாணத்தார், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அந்த மாடியில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர்தான். அதனால் பேச்சுக்கும் சண்டைக்கும் எங்களுக்கு வேறு ஆள் தேவைப்படவில்லை.

இப்போது அவரும் அங்கே இல்லை, நானும் இல்லை. ஆனால் யாராவது கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், இவர் எந்த ஊரில் இருக்கிறாரோ என்று எனக்குத் தோன்றிவிடுகிறது. அது அவர் என்னிடம் ஒட்டவைத்துவிட்டுப் போன நோய்.

செயற்கைக்கோள் படங்களை நாள்கணக்கில் உற்றுப் பார்ப்பார். கூரை, மரம், ஓடை, ஒற்றையடிப் பாதை, ஒன்றையும் விடமாட்டார். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடுவார். கொஞ்ச நேரத்தில் உதடு அசையும். எனக்குக் கை சும்மா இருந்தால் வாய் சும்மா இருக்காது.

"இப்ப எங்கண்ணா இருக்கீங்க?"

"பாலம் தாண்டிட்டன். இடக்கைப் பக்கம் வாழைத்தோட்டம். கொஞ்சம் பொறுங்கோ, ஒரு மாடு குறுக்கால வருது."

"மாட்டுக்கெல்லாம் நின்னா என் லாரி எப்பங்கண்ணா போய்ச் சேர்றது?"

"உங்கட லொறிக்கு என்ன அவசரம். மாடு வீட்ட போகுது."

கிண்டலுக்குச் சொல்லவில்லை, அவர் நிஜமாகவே நிறுத்திக் காத்திருப்பார். மாடு போன பிறகுதான் முகம் இளகும். அப்படிப் போய்த் திரும்பி வந்து, "அந்த வளைவில பின்னேர வெயில் நேரா முகத்தில அடிக்குது, கொஞ்சம் தள்ளுவம்" என்று கோட்டைத் திருத்துவார். கணினியில் போட்டுப் பார்த்தால் பாதி தடவை அவர் சொன்னது சரியாக இருக்கும். மீதிப் பாதி தடவை இருக்காது. அந்தப் பாதியைச் சொல்லிக் காட்ட நான் இருந்தேன்.

டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடியில் குடியிருந்தார். அலுவலகத்துக்கு பஸ்ஸில்தான் வருவார், பஸ்ஸில்தான் போவார். போகும்போது கண்ணை மூடினால் இறங்குமிடம் தாண்டிவிடும். கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் தட்டி எழுப்பியதும் பனியில் திரும்பி நடந்ததும் உண்டு. அப்படியான நாட்களில் அவர் மனைவி எனக்குப் போன் செய்வார்.

"உவர் இன்னும் ஆபிரிக்காவிலதான் நிக்கிறார் போல. திரும்பி வந்தா வீட்ட அனுப்பிவிடுங்கோ."

அந்த அக்காவுக்கு ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பில் வேலை. நாள் முழுக்க வாயைத் திறக்கப் பயப்படும் மனிதர்களைப் பார்த்துப் பார்த்து அவருடைய வாய் நன்றாகத் திறந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் என் கணவரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். குழல்புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டு முடிக்கும் முன்பே இவர் சாலையோரத்துச் சனங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது சந்திப்பில் சைக்கிளுக்கு ஒட்டுப் போடுகிற ஒருவன், மதகடியில் துணி துவைக்க வரும் இரண்டு சகோதரிகள். அந்த இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, ஆனால் ஒரே சவர்க்காரத்தைத்தான் மாற்றி மாற்றிப் பாவிக்கிறார்கள் என்றார். என் கணவரோ, அது இவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஊர் என்றே நினைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"சொந்த மச்சாளின்ர பிறந்தநாள் உவருக்குத் தெரியாது. அங்க ரோட்டுக்கரையில ஆருக்கு எத்தினை பிள்ளை எண்டு தெரியும்," என்றார் அக்கா, இன்னொரு துண்டு மீனை என் தட்டில் வைத்தபடி.

அவர் கோபிக்கவில்லை. "சனம் இல்லாத ரோட்டை எப்பிடிக் கீறுறது?" என்றார். மொத்த ஆளையும் அந்த ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம்.

இப்படியான மனிதருக்குச் சனமே இல்லாத ஒரு துண்டு நிலம் வந்து வாய்த்தது.

நகரத்தின் தெற்குப் பக்கம் சாலைக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நீளமாகக் கிடந்த ஒரு வெறும் நிலத்தின் மேல் நேராகப் போவது. படத்தில் அதன் மேல் ஒரு கூரை கிடையாது. மற்றது, பக்கத்து மேட்டுச் சரிவில் ஏறிப் போவது. அந்தச் சரிவு முழுக்கத் தகரக் கூரைகள். அவற்றில் பெரும்பகுதியை இடித்தால்தான் சாலை போகும். எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழந்தையும் சொல்லும். எங்கள் மேலாளர் வெறும் நிலத்தைப் பார்த்ததும் கடவுளுக்கு நன்றி சொன்னார். நானும் சொன்னேன்.

இவர் வழக்கம்போலக் கண்ணை மூடிப் போனார். அந்த இடம் வந்ததும் திடுக்கிட்டுத் திறந்துவிட்டார்.

"இஞ்ச ஒருத்தரையும் காணேல்லை."

"யாரும் இல்லீன்னா நல்லதுதானுங்களே."

"சனம் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறியிருக்கிற ஊர். இவ்வளவு காணி ஏன் சும்மா கிடக்குது?"

படத்தைப் பெரிதாக்கினார். மண்ணில் டயர் தடங்கள் தெரிந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக வட்டம் வட்டமாகச் சுற்றியிருந்தன.

"உது பாத்தனீங்களே? எங்கயும் போகாமல் ஒரே இடத்தில சுத்தியிருக்கிறாங்கள். உப்பிடிச் சுத்துறது ஆர் எண்டு எனக்குத் தெரியும்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். முதல் தடவையாக அவர் தன் ஊரைப் பற்றிச் சொன்னார். அவருடைய வீடும் அயலும் பல வருடங்கள் ராணுவ முள்வேலிக்கு உள்ளே இருந்தன. போய்ப் பார்க்க முடியாது. கனடாவுக்கு வந்த பிறகு, இணையத்தில் செயற்கைக்கோள் படம் பார்க்க வசதி வந்ததும் அவர் முதலில் தேடியது தன் வீட்டுக் கூரையைத்தான். கூரை இருக்கவில்லை. வீடுகள் இருந்த இடத்தில் வெறும் நிலமும், அதில் வாகனங்கள் சுற்றிய வட்டங்களும் இருந்தன. படத்தை எப்போது புதுப்பித்தாலும் போய்ப் பார்ப்பாராம். மேலேயிருந்து நிலத்தைப் படிக்க அவர் கற்றுக்கொண்டது அப்படித்தான். அதற்கு முன்னால் அவர் கண்ணை மூடுவதை நாங்கள் எல்லோரும் ஒரு வேடிக்கையாகத்தான் வைத்திருந்தோம்.

நிலப் பதிவேட்டில் அந்த இடத்துக்கு எதிரே 'அரசு நிலம்' என்று மட்டும் இருந்தது. "எங்கட காணியையும் உப்பிடித்தான் சொன்னவை," என்றார். அதன் பிறகு அவருக்குச் சந்தேகமே இல்லை. அங்கே இருந்த சனத்தைக் கலைத்துவிட்டார்கள். என்றைக்காவது அவர்கள் திரும்பி வருவார்கள். வரும்போது அவர்கள் வாசலின் மேல் ஒரு நெடுஞ்சாலை கிடக்கக்கூடாது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் சாலையின் மற்றப் பகுதிகளுக்குப் போகவே இல்லை. கண்ணை மூடினால் நேராக அந்த நிலத்துக்குத்தான். முன்பெல்லாம் உதடு அசையும், இப்போது அதுவும் இல்லை. "யாராவது இருக்காங்களாண்ணா?" என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டேன். "இருந்தவை," என்றார். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். வேலியோரம் ஒரு தையற்காரர், வயிற்றுப் பிள்ளையோடு ஓடிய ஒரு பெண், போகும்போது கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போன ஒரு குடும்பம். எனக்குக் கேட்கக் கேட்க அவர்கள் நடமாட ஆரம்பித்துவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். உள்ளே ஹீட்டர் முனகிக்கொண்டிருக்கும். அந்த அரைமயக்கத்தில் எது மார்க்கம், எது ஆப்பிரிக்கா, எது அவருடைய ஊர் என்று எனக்கே சில நேரம் பிடிபடாது.

ஆனால் நான் கணக்குக்காரி. கனவில் எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வந்துவிடுவேன்.

"கேட்டுடலாமேண்ணா," என்றேன். "அந்த ஊர் இன்ஜினியரம்மா வாராவாரம் ஸ்கிரீன்ல வர்றாங்க. இந்த நிலத்துல யார் இருந்தாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சது."

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தங்கச்சி, உது போனில கேக்கிற விசயமே? ஆர் ஆர் கேட்டுக்கொண்டிருப்பினமோ. அவா உண்மையைச் சொன்னா அவாவுக்குக் கரைச்சல். நாங்கள் இஞ்ச பாதுகாப்பா இருந்துகொண்டு அந்தப் பிள்ளையை மாட்டிவிடக்கூடாது."

என்னையும் கேட்கவிடவில்லை. சத்தியம் வாங்கிக்கொண்டார். பிறகு மேலாளரிடம் போய், சாலை வெறும் நிலத்தில் போகக்கூடாது, மேட்டுச் சரிவில்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். சரிவில் இருப்பவர்களுக்காவது நட்டஈடும் மாற்று வீடும் கிடைக்கும், கலைத்துவிடப்பட்டவர்களுக்கு யார் கொடுப்பார்கள் என்பது அவர் வாதம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அந்தத் தகரக் கூரைகளுக்கு முன்னால் கொடிகளில் துணி காய்வதுகூடப் படத்தில் தெரிந்தது. அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"இருக்கற சனத்தோட வீட்ட இடிச்சுட்டு இல்லாத சனத்துக்கு அழுறீங்களாண்ணா?"

"இல்லாத சனமில்லை. இல்லாமப் பண்ணின சனம்."

"பார்த்தீங்களா?"

"பாக்கத் தேவையில்லை. நான் அதில ஒருத்தன்."

நான் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்போதும் தேநீர் வைக்கும்போது எனக்கும் ஒரு கோப்பை வைத்துவிட்டுத்தான் போனார். நான் அதைக் குடித்துவிட்டுத்தான் கோபமாக இருந்தேன். எங்கள் இருவர் வாதமும் மேலாளருக்குத் தலைவலியாகிவிட்டது. முடிவெடுக்கும் முன் இரண்டு பேரும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

விமானத்தில் அவர் கண்ணை மூடவே இல்லை. போகப்போகிற இடத்துக்கு உடம்போடு போவது அவருக்குப் பழக்கமில்லை.

வந்து அழைத்துப் போனவர் அந்த இன்ஜினியர் பெண்தான். நேரில் இன்னும் இளமையாக, சத்தமாகச் சிரிக்கிறவராக இருந்தார். காலையிலேயே கிளம்பினோம். முற்பகலில் அந்த நிலத்தில் இருக்க வேண்டும் என்பது திட்டம். ஆனால் நகரம் விடவில்லை. லாரிகளுக்கு நடுவே சிக்கி நின்றோம், கொஞ்சம் ஊர்ந்தோம், மறுபடி நின்றோம். கணினியில் நான் சிவப்புக் கோடாகப் பார்த்த நெரிசலுக்குள் உட்கார்ந்து வியர்த்தேன். முன்னால் ஓர் ஆம்புலன்ஸ் கத்திக் கத்தி ஓய்ந்துபோயிற்று. இந்தச் சாலையை எந்தப் பக்கத்தாலாவது போட்டுத் தொலைக்க வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது.

தூரத்திலேயே புழுதி தெரிந்தது. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படிப் பிடிக்கிறவர் இல்லை.

கிட்டப் போனால், நிலம் முழுக்கக் கார்கள். பழைய சின்னச் சின்னக் கார்கள், முதுகில் சிவப்பு எழுத்துப் பலகையோடு, ஆடி ஆடி வட்டம் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று திணறி நின்றது. பக்கத்து இருக்கையில் இருந்தவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். இரண்டு எண்ணெய்த் தகரங்களுக்கு நடுவே ஒரு பெரிய அம்மாள் காரைப் பின்பக்கமாக நுழைக்கப் பார்த்து, தகரத்தை உருட்டிவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தாள். ஓரத்தில் சோளம் சுட்டு விற்றார்கள். ஊரே வண்டி ஓட்டப் பழகுகிற இடம் அது. வேலை முடிந்துதான் பழக வருவார்கள். நாங்கள் வாங்கிய படங்கள் எல்லாம் முற்பகலில் எடுத்தவை. அந்தச் செயற்கைக்கோள் ஒவ்வொரு முறையும் அந்த நேரத்தில்தான் ஊரைக் கடக்கும். அதனால் வட்டங்கள் எங்களுக்குத் தெரிந்தன, வட்டம் போட்டவர்கள் கடைசிவரை தெரியவில்லை.

"நானும் இங்கேதான் கற்றுக்கொண்டேன். என் அம்மாவும்தான்," என்றார் இன்ஜினியர் பெண்.

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, இந்த இடத்தில் முன்பு யார் இருந்தார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"தவளைகள்," என்றார் அவர்.

சதுப்பாகக் கிடந்த இடமாம். மண் கொட்டிச் சின்ன விமானங்கள் இறங்க ஓடுதளம் போட்டார்கள், பெரிய விமான நிலையம் வேறு பக்கம் வந்ததும் கைவிட்டார்கள். மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்பதால் வீடு கட்ட யாரும் துணியவில்லை. இவர் விடவில்லை. அதற்கும் முன்பு? யாரையும் அப்புறப்படுத்தவில்லையா? பயப்படாமல் சொல்லலாம் என்றார். அந்தப் பெண் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். பயப்பட என்ன இருக்கிறது, இதை நீங்கள் முன்பே கேட்டிருக்கலாமே என்றார். நான் சோளக்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்ததும் மேலாளர் கூட்டம் கூட்டினார். நான்தான் பேச வேண்டியிருக்குமோ என்று பயந்திருந்தேன். இவரே எழுந்தார். அந்த நிலத்தில் யாரும் இருந்ததில்லை, தான் நினைத்தது பிழை, மண் கொட்டி உயர்த்தினால் சாலை தாங்கும், மேட்டுச் சரிவில் ஒரு வீட்டையும் தொடத் தேவையில்லை என்றார். பழகுகிறவர்களுக்கு ஒரு துண்டு நிலம் ஒதுக்க வேண்டும் என்றும் கேட்டார். பிறகு எல்லோரும் பார்க்க, ஓடுதளத்தின் மேல் கோட்டைப் போட்டார். யாரோ கை தட்டினார்கள்.

அன்று அவரை பஸ்ஸில் போகவிட எனக்கு மனம் வரவில்லை. காரில் ஏற்றிக்கொண்டேன். 404 நெடுஞ்சாலையில் ஏறியதும் வழக்கமான நெரிசல், ஆமைபோல ஊர்ந்தோம். எனக்கு மனசு லேசாக இருந்தது. துணி காய்ந்த கொடிகள் எல்லாம் அப்படியே இருக்கும். அதை அவரிடம் சொன்னேன்.

"ஓம். அது நல்லது," என்றார்.

குளிர்கோட்டின் பொத்தான்களைக் கழற்றினார்.

"தங்கச்சி, ஒருத்தரையும் கலைக்கேல்லை எண்டு அந்தப் பிள்ளை சொன்ன உடன நான் சந்தோசப்பட்டிருக்க வேணும். எனக்கு ஏமாற்றம்தான் வந்தது. எவ்வளவு கெட்ட மனம் பாருங்கோ."

"கெட்ட மனசு இல்லீங்கண்ணா."

"ஒரு குளிர்காலம் முழுக்க அவையளோட இருந்திட்டன். அந்தத் தையற்காரர், அந்தப் பிள்ளைத்தாய்ச்சி, சாவி கொண்டு போன ஆக்கள். நானே கோடு போட்டு, இல்லையெண்டு சொல்லிப்போட்டு வாறன்." கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார். "இனி அவையள் எங்க போறது?"

அவர் அழவில்லை, எனக்குத்தான் கண் கலங்கிற்று. முன்னால் நின்ற லாரி அசையவில்லை. என்ன சொல்கிறோம் என்று யோசிக்காமலே சொன்னேன்.

"எங்க வீட்டு பேஸ்மென்ட் சும்மாதான் கிடக்குதுங்கண்ணா. கூட்டிட்டு வாங்க."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. யூனியன்வில்லில் உள்ள எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தை மனதுக்குள் அளப்பவர்போலக் கொஞ்ச நேரம் இருந்தார்.

"எல்லாருக்கும் இடம் காணுமோ?"

"பத்தும்ணா," என்றேன்.